ஊசிமலையில் ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்கு

எங்கள் நாடு சின்ன நாடு. அதன் ரயில் பாதை நாட்டைவிடச் சின்னது. கடற்கரையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறினால் சாயந்தரத் தேத்தண்ணிக்கு மலை உச்சிக்கு வந்துவிடலாம், நடுவில் மாடு படுக்காமலும் மண் சரியாமலும் இருந்தால். இவ்வளவு சின்னப் பாதையில் வழி தவறிப் போவதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை வருகிறவர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. தவறிப் போனவர்கள் எல்லாரும் கடைசியில் என் கடைக்குத்தான் வருகிறார்கள். என் பெயர் சன்னாசி. ஊசிமலை ஸ்டேஷன் மேடையில், மூன்று பாஷையில் ஊர்ப் பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் இருக்கிற தேத்தண்ணிக் கடை என்னுடையது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன், படித்துத் தெரிந்துகொண்டு என்னை விடுங்கள்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். முதல் வகுப்பில் ஜன்னல் திறக்காது. காசு கொடுத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வருவதற்கு வீட்டிலேயே இருக்கலாம். கொழும்பிலிருந்து மலைக்கு வருகிறவர்கள் முதலில் வலது பக்கம் உட்காருங்கள், நாவலப்பிட்டி தாண்டினதும் இடது பக்கம் மாறிக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காது, ஆனாலும் மாறப் பாருங்கள். வடக்கே போகிறவர்களுக்குப் பொல்காவலையில் பாதை பிரியும். இன்னும் மேலே போனால் மதவாச்சியில் ஒரு கிளை பிரிந்து, காட்டுக்குள்ளும் குளத்தங்கரையிலும் ஓடி, மன்னார்ப் பாலத்தில் ஏறி இறங்கி, மணலில் போய் நிற்கும். அது தலைமன்னார். அதற்கு அப்பால் கடல். முன்பு அங்கிருந்து அக்கரைக்குக் கப்பல் போனது. இப்போது கப்பல் இல்லை, காற்றுதான் இருக்கிறது.

பெட்டிக்குள் எழுதியிருக்கிற அறிவிப்பைப் படியுங்கள். தலையையும் கையையும் வெளியே நீட்டாதீர்கள் என்று இருக்கும். சுரங்கச் சுவரும் தேயிலைச் செடியும் அவ்வளவு கிட்டத்தில் வரும், படம் எடுக்கிறேன் என்று தொங்கிக்கொண்டு வந்தவர்களை நாங்கள் தூக்கியிருக்கிறோம். நானும் அதையே சொல்கிறேன்: கையை வெளியே நீட்டாதீர்கள். ஒரே ஒரு ஸ்டேஷனில் மட்டும் நீட்டலாம், அது எங்கள் ஸ்டேஷன். ஏன் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பாட்டன்மார் அக்கரையிலிருந்து கப்பலில் வந்து, காட்டுக்குள் நடந்து, பாதி பேர் வழியிலேயே செத்து, மீதிப் பேர் மலையேறித் தேயிலை நட்டவர்கள். நட்டதற்கு அப்புறம் பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகள் பிள்ளை பெற்றார்கள், செத்தவர்களைச் செடிக்கடியில் புதைத்து அதற்கு மேலேயே கொழுந்து பறித்தார்கள். அப்படி இருக்கும்போது ஒரு நாள் இரண்டு நாட்டுப் பெரிய ஆட்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக்கறியைக் கூறு போடுகிறவன்கூட ஈரலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கொஞ்சம் யோசிப்பான். இவர்கள் யோசிக்கவில்லை. அண்ணனுக்கு அக்கரை, தம்பிக்கு இக்கரை. மாமியாருக்கு அக்கரைப் பாஸ்போர்ட் வந்தது, மருமகளின் தாய்க்கு இக்கரைப் பிரஜாவுரிமை வந்தது. மலையிலிருந்து அந்த ஆட்களை இறக்கிக்கொண்டு போன கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர், அது கூவுவதற்கு முன்னாலேயே மேடை கூவிவிடும் என்பதால்.

அப்படி ஒரு கோச்சியில்தான் பவளக்கொடி போனாள். பவளக்கொடி பூவாயியின் ஒரே மகள். பூவாயியின் புருஷன் மலையில் பாறை உருண்டு செத்தவன். அவள் ஒற்றை ஆளாகக் கூடை சுமந்து மகளை ஆளாக்கி, தை மாதம் மேமலைத் தோட்டத்துப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். சித்திரையில் பையனின் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, புருஷனோடு அவளுக்கும் சேர்த்து. பூவாயிக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

அன்றைக்கு மழையும் பனியும் சேர்ந்து வந்து மேடையே தெரியவில்லை. மூன்று தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் கைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒன்றாக, நகக்கண் கறுத்து, கொழுந்துக் கறை ஏறி, சுட்டுவிரல் ஓரம் வெடித்த கைகள், எல்லாம் பெண்களின் கைகள், எல்லாம் ஒரே வேலையை ஒரே மாதிரிச் செய்த கைகள். பூவாயி மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்துப் போய், ஒரு ஜன்னலில் பவளக்கொடியின் முகத்தை ஒரு நொடி பார்த்து, அதற்குக் கீழே நீண்டிருந்த கையை இடது கையால் எட்டிப் பிடித்தாள். கோச்சி ஊதியது. மற்றவர்கள் பிடித்த கைகளோடு கொஞ்ச தூரம் ஓடி, மேடை முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, மண்ணில் விழுந்து புரண்டார்கள். பூவாயி ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றாள், பிடித்த கையை விடவில்லை, அந்தக் கையும் அவளை விடவில்லை. கோச்சி போகப் போக அந்தக் கை நீண்டுகொண்டே போனது.

ரொட்டி மாவு இழுபடுகிற மாதிரி, ஆனால் மெலியாமல், அதே பருமனாக, அதே கறுப்பாக, மேடையைத் தாண்டி, சிக்னல் கம்பத்தைத் தாண்டி, வளைவில் திரும்பிச் சுரங்கத்துக்குள் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் குணதிலக மாத்தயா பச்சைக் கொடியை மடக்க மறந்து நின்றார். அவர் சிங்களவர், மாத்தயா என்றால் அவர்கள் பாஷையில் ஐயா, நல்ல மனுஷர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

"பூவாயி, இப்ப விடு," என்றார். "அடுத்த கோச்சி வாறது."

"வரட்டும் மாத்தயா. வந்தா சொல்லுங்க, ஒசத்திப் புடிக்கிறேன்," என்றாள் பூவாயி.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேலை. கையைச் சக்கரம் நசுக்கிவிடக் கூடாதே என்று பாதை பராமரிக்கிற ஆட்கள் தண்டவாளத்தின் இடது பக்கம் கட்டைக்குக் கட்டை கொக்கி அடித்து, அதில் கையைத் தூக்கி மாட்டினார்கள். சுரங்கத்துக்குள் கல் உரசாமல் இருக்கச் சுவரில் கம்பி வளையம் வைத்துச் சாக்குத் துணி சுற்றினார்கள். நீங்கள் வரும்போது டார்ச் அடித்துப் பாருங்கள், அந்த வளையங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய கரண்ட் கம்பிக்கு வைத்தது என்று உங்கள் கைடு சொல்வான், நம்பாதீர்கள். ரோடு குறுக்கிடுகிற இடங்களில் கேட்காரர்கள் ஒரு கவைக்கொம்பு வைத்துக்கொண்டு, லாரி வந்தால் கையைத் தூக்கிப் பிடித்து, லாரி போனதும் மெதுவாக இறக்கினார்கள். பொல்காவலையில் பாதை மாறுகிற இடத்தில் அதற்கென்று ஒரு சின்னக் கப்பி போட்டார்கள். மன்னார்ப் பக்கத்து மீன்காரிகள் அதில் துணி காயப்போட்டதாகவும், அப்புறம் விஷயம் தெரிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார்கள். தலைமன்னாரில் கை கடலுக்குள் இறங்கியது. கப்பல் அதன் மேல் போய் வந்தது.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கை டிக்கெட் வாங்கிய ஆளின் உடம்பா, அல்லது ஏற்றி அனுப்பாத சாமானா என்று கேட்டார். கை எந்த நாட்டுப் பிரஜை, கடலின் எந்த இடத்திலிருந்து பிரஜை என்றும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. என் கடையில் இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு, பூவாயிக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, அடுத்த கோச்சியில் மலையிறங்கிப் போய்விட்டார். போகும்போது கையைக் கும்பிட்ட மாதிரி இருந்தது.

பூவாயி மேடையிலேயே குடியிருந்தாள். லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர்கள், மேடையின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் விடியக்காலையில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் இடது கையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேடையைக் கூட்டினாள், விளக்குக் கண்ணாடி துடைத்தாள், என் கடைக்கு இஞ்சி தட்டிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கைக்கு எண்ணெய் தேய்த்தாள். விரல் விரலாக, கணுக் கணுவாக, மணிக்கட்டில் தொடங்கி எட்டுகிற வரைக்கும் தேய்த்து, வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பாள். தேய்க்கும்போது கை சொக்கிப்போய் மடியில் கிடக்கும்.

கையிடம் பேசலாம் என்று கண்டுபிடித்தது பூவாயிதான். ஓர் அமுக்கு அமுக்கினால் ஆமாம், விரலை விரித்தால் இல்லை. காது அங்கே இருக்க இங்கே பேசுவது எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள். உள்ளங்கையில் வாயை வைத்துப் பேசினால் கேட்டது. அக்கரைக்கு ஆளை அனுப்பிய தாய்மார்கள் எல்லாரும் மேடைக்கு வந்து, எங்க அண்ணன் நல்லாருக்கானா, எம்புள்ளைக்கு வேலை கெடைச்சிருச்சா என்று அந்த உள்ளங்கையில் கேட்டார்கள். கை பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொன்னது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டப் பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்துக்கு அதன் விரல்கள் தானாகவே கிள்ளத் தொடங்கும், இரண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளுகிற அதே கிள்ளல்.

"அங்கயும் தேயிலைதான் எம் மகளுக்கு," என்று பூவாயி சொல்லி அழுதாள். அழுதாலும் அவளுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. கடிதம் எப்போதாவது வரும். யாரோ எழுதிக் கொடுத்த நலம் நலமறிய. அதில் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. கையே இங்கே இருக்கும்போது அதைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு மாசியில் கை சூடாக இருந்தது, நாடி வேகமாக அடித்தது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இது பிள்ளைச் சூடுதான் என்று முடிவு கட்டினார்கள். கையிடம் கேட்டார்கள், கை வெகு நேரம் அசையாமல் இருந்துவிட்டு ஓர் அமுக்கு அமுக்கியது. பூவாயி மேடையிலேயே வளைகாப்பு வைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு முழத்துக்கு அடுக்கி, சந்தனம் பூசி, புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கட்டி, அந்த நேரத்துக்கு வந்த பதுளைக் கோச்சியின் டிரைவர் உட்பட எல்லாருக்கும் கொடுத்தாள். டிரைவர் கை கழுவிவிட்டு வந்து ஒரு வளையலைத் தன் கையாலேயே போட்டுவிட்டார். கோச்சி அன்றைக்குத் தாமதமாகத்தான் போனது, யாரும் முறைப்பாடு எழுதவில்லை. அப்புறம் பிள்ளை பிறந்ததா என்று கேட்டபோது கை விரலை விரித்தது. பூவாயி துக்கம் காத்தாள். வளையலை மட்டும் கழற்றவில்லை.

இப்படி வருஷங்கள் போயின. கல்யாணம் ஆனவர்கள் கையைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கினார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொட்டுவிட்டுப் போனார்கள். புதிதாக வந்த என்ஜின்காரர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்: ஊசிமலை வளைவில் மெதுவாக வா, இடது பக்கம் ஒரு கை இருக்கிறது. எங்களுக்கு அது தண்ணீர்க் குழாய் மாதிரி, பெயர்ப் பலகை மாதிரி ஆகிவிட்டது. பிரித்துக்கொண்டு போனவர்கள் முழுசாகப் பிரித்துக்கொண்டு போகவில்லை, ஒன்றை நாம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எங்களுக்கு ஒரு திமிர்கூட வந்தது.

அந்தத் திமிர் ஒரு மத்தியானக் கோச்சியில் இறங்கியது. இறங்கியவள் நடுவயதுப் பெண், தலையில் பாதி நரை, துணிப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். மேடையில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். அப்புறம் கொட்டகைக்கு முன்னால் போய் நின்றாள். பூவாயி அப்போது கைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் வந்தவள்.

பூவாயி நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் பையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள், ஒன்று, மற்றொன்று, திரும்ப முதலாவது.

"ஒனக்கு ரெண்டு கையும் இருக்கே," என்றாள்.

பவளக்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இருக்கும்மா. நீ புடிச்சது என் கைய இல்ல. எம் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருந்தா, அவளுக்கு வழியனுப்ப ஒரு நாதியில்ல. எல்லாரும் நீட்டுறாங்களேன்னு அவளும் நீட்டுனா. நீ வந்து அவ கையப் புடிச்சிட்ட."

"நீ சொல்லக் கூடாதா புள்ள? கத்தக் கூடாதா?"

"கத்தத்தான் வாயத் தொறந்தேன். அவ மூஞ்சியப் பாத்தேன். அவளுக்கு யாரும் கையப் புடிச்சதே இல்லம்மா. எனக்குச் சொல்ல வாய் வரல."

பூவாயி எழுந்தாள். பெற்றவள் எழுந்தால் இரண்டு கையும் சேர்ந்துதான் எழும், அதை யார் தடுக்க முடியும். அவள் இரண்டு கையாலும் மகளை வாரிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பவளம், பவளம் என்று மகளின் தோளில் முகத்தைத் தேய்த்தாள். கை மேடையில் விழுந்தது. வளையல்கள் கல்லில் மோதிய சத்தத்தைக் கேட்டுத்தான் நான் கடையிலிருந்து திரும்பினேன்.

கை கொஞ்ச நேரம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அப்புறம் தடவத் தொடங்கியது. கொட்டகைக் காலைத் தடவியது, விளக்குமாற்றைத் தடவியது, நகவெட்டியைத் தடவி விட்டது. நான் ஓடிப்போய் என் கையைக் கொடுத்தேன். விரலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டது. குணதிலக மாத்தயா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முட்டி போட்டுத் தன் கையைக் கொடுத்தார், அதையும் ஒதுக்கியது. மேடையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொடுத்தார்கள், எல்லாம் கறை ஏறிய கைகள், எல்லாம் வெடித்த கைகள். அது ஒவ்வொன்றையும் தடவி, இல்லை என்று விரலை விரித்தது. எங்களுக்குத்தான் எல்லாக் கையும் ஒரே கை. அதற்கு அப்படி இல்லை. பிறகு அது மெதுவாகத் தண்டவாளத்துக்கு இறங்கியது.

"பூவாயி! கை! கை போறது!" என்று குணதிலக மாத்தயா கத்தினார்.

பூவாயி கண்ணைத் திறந்து பார்த்தபோது அது சிக்னல் கம்பத்தைத் தாண்டிவிட்டது. மகளை விட்டுவிட்டு அவள் கட்டை கட்டையாகத் தாண்டிக்கொண்டு ஓடினாள். "ஆயி! ஆயி! நில்லு ஆயி!" என்று கத்தினாள், பெயர் தெரியாததால் வேறு எப்படிக் கத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுரங்கத்துக்குள் கொஞ்ச நேரம் வளையல் சத்தம் கேட்டது. அன்றைக்குச் சாயந்தரமும் மறுநாளும் கீழே இருக்கிற கேட்காரர்கள் எல்லாரும் ஸ்டேஷன் போனில் கேட்டார்கள், வளையல் சத்தம் போகிறதே, என்ன என்று.

பவளக்கொடிக்கு ஒரு மாத விசா. அந்த ஒரு மாதமும் தாயும் மகளும் கொட்டகைக்குள் இருந்தார்கள், இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார்கள். பூவாயியின் இடது கை விரல்கள் பிடித்த வாக்கிலேயே மடங்கிப் போயிருந்தன. மகளின் தலையைக் கோதப் போனால் மயிர் சிக்கியது. சோற்றைப் பிசைந்துகொண்டே தண்டவாளத்தைப் பார்ப்பாள்.

"அங்க பாக்காத. நான் இங்க இருக்கேன்," என்பாள் பவளக்கொடி.

"பாக்கலயே புள்ள."

"பாக்குற. எனக்கு அங்க மூணு புள்ள. ஒருத்தர் ஒரு வளையல் போடல. நீ இங்க ஊரக் கூட்டி அவளுக்கு வளகாப்பு வச்சிருக்க. கல்யாணமே ஆவாதவளுக்கு."

பூவாயி தலையைக் குனிந்துகொண்டாள். "சூடா இருந்துச்சி. பிள்ளச் சூடுன்னு சொன்னாங்க."

"காச்சம்மா அது! குளுருக் காச்ச!" என்று பவளக்கொடி கத்தினாள். அப்புறம் என்னையும் கடைக்கு வந்திருந்தவர்களையும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். தன்னையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணையும் நீலகிரிப் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த அறையில் போட்டார்களாம். அந்தப் பெண்ணின் கை ஜன்னல் வழியாக இறங்கிப் போய்க்கொண்டே இருக்குமாம். ஒற்றைக் கையால் கொழுந்து பறித்து அரைச் சம்பளம் வாங்குவாளாம். குளிரிலும் மழையிலும் அந்த ஜன்னலைச் சாத்த முடியாது; அதனால்தான் காய்ச்சல். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருப்பாளாம். "செவுத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து கேக்கும்மா. எங்கம்மா எண்ண தேய்க்கிறா, எங்கம்மா எண்ண தேய்க்கிறான்னு தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பா. நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அதக் கேக்கணும். எத்தன வெள்ளிக்கிழம. அம்மா இருந்தும் இல்லாதவளா எத்தன நாளைக்கு இருக்கிறது? அதான் வந்தேன். எங்கம்மாவ நான் கேட்டு வந்தேன், தப்பா?"

"தப்பில்ல புள்ள," என்றாள் பூவாயி. "ஒன் அம்மாதான்." சொல்லிவிட்டு, "அவ பேரு என்னா?" என்று கேட்டாள். அந்த மாதம் முழுக்கப் பூவாயி கேட்டாள், பவளக்கொடி சொல்லவில்லை.

அவள் போகிற நாளும் வந்தது. மழை இல்லை, பனி இல்லை, நல்ல வெயில், முகம் முகமாகத் தெரிந்தது. பவளக்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, வலது கையை வெளியே நீட்டினாள். இந்தத் தடவை தவறு நடக்கக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் கிட்டே நின்று பார்த்தோம். இது மகளின் கைதான், புறங்கையில் சின்ன வயதில் அடுப்பில் சுட்ட தழும்பு இருந்தது. பூவாயி மடங்கிய விரல்களை வலது கையால் பிரித்து, மகளின் கையைச் சுற்றி வைத்து, மேலே வலது கையையும் வைத்து இறுக்கினாள். குணதிலக மாத்தயா விசில் ஊதவே மனசில்லாமல் நின்று, டிரைவர் தலையை நீட்டிப் பார்த்த பிறகுதான் ஊதினார்.

கோச்சி நகர்ந்தது. பூவாயி அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். நாங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இப்போது நீளும், இதோ நீளும் என்று. அது நீளவில்லை. அது சாதாரணக் கை. பூவாயி இழுபட்டுப் போய்க் கூட நடந்தாள், பிறகு ஓடினாள், மேடை முடிகிற இடத்தில் விரல்கள் நழுவின, முதலில் நடுவிரல், கடைசியில் சுண்டுவிரல். எல்லாருக்கும் நழுவுகிற மாதிரியே நழுவியது.

"மருதாயி!" என்று ஜன்னலிலிருந்து பவளக்கொடி கத்தினாள். "அவ பேரு மருதாயிம்மா!"

பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். நலம் நலமறிய என்று தொடங்கி, பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, சம்பளம் கூட்டாததைப் பற்றி இருந்தது. கடைசி வரியில், அடுத்த அறை ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது, இப்போது குளிர் இல்லை, ஆனால் அவள் பேசுவதில்லை, வளையலையும் கழற்றுவதில்லை என்று இருந்தது. பூவாயி அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் கப்பல் நின்றுவிட்டது. சண்டை வந்து, வடக்குப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். கொக்கி அடித்த கட்டைகளும் அதோடு போயின. சண்டை முடிந்து பாதையைத் திரும்பப் போட்டபோது கொக்கி அடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. குணதிலக மாத்தயா அதற்கெல்லாம் முன்பே ஓய்வு பெற்று, ஊருக்குப் போகிற அன்று, கொட்டகைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்கள் யாரும் இப்போது இதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படி ஒரு கை இருந்ததா என்று இளவட்டங்கள் கேட்டால், இருந்தது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். வெட்கமா துக்கமா தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தோம், பிடித்தது நம்முடையது இல்லை, நம்முடையதைக் கடைசியில் பிடித்தோம், அது நிற்கவில்லை. இதற்குமேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்தும் ஆகப்போவது இல்லை.

ஆகவே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்களே, ஊசிமலையில் கோச்சி கொஞ்ச நேரம்தான் நிற்கும். மேடையின் கடைசியில், தகரக் கொட்டகைக்கு முன்னால், ஒரு கிழவி இடது கையைக் கோச்சிப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயசு எவ்வளவு என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. படம் எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கையில் சில்லறை போடாதீர்கள். அவள் பிச்சை கேட்கவில்லை, விரல் மடங்கிப் போனதால் அப்படித் தெரிகிறது. நீங்கள் போட்டால் அது மேடையில் உருளும், நான்தான் வந்து பொறுக்க வேண்டும்.

அறிவிப்புப் பலகை என்ன சொன்னாலும் சரி, உங்கள் கையை வெளியே நீட்டி அவள் கையில் கொடுங்கள். அவள் விரல் விரலாகத் தடவிப் பார்ப்பாள், மணிக்கட்டில் வளையலைத் தேடுவாள். "பேரு என்னா ஆயி?" என்று கேட்பாள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஒரு தடவை யாரோ ஒரு பெண், நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, நல்ல எண்ணத்தில் மருதாயி என்று சொன்னாள். பூவாயி அந்தக் கையை மறுபடி முழுக்கத் தடவிவிட்டு, "இல்ல ஆயி, நீ இல்ல," என்று சொல்லி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அதனால் பொய் வேண்டாம். விசில் ஊதினதும் பதறவும் வேண்டாம், கையை இழுத்துக்கொள்ளவும் வேண்டாம். கோச்சி அசைவதற்கு முன்னாலேயே அவள் விட்டுவிடுவாள். இப்போதெல்லாம் அவள் எல்லாரையும் விட்டுவிடுகிறாள்.